அவுட் ஆகப் போகிறவள்

ஜூலை 2, புதன்

சாப்பிடும்போது பேஸ்பால் பேசக் கூடாது என்று பூங்கொடி இன்று சட்டம் போட்டுவிட்டாள். "சோத்துல கைய வெச்சா கோச்சு மேடம், வாயத் தொறந்தா கோச்சு மேடம். மூணு பேரு குடும்பம் நடத்தற மாதிரி இருக்குதுங்க. பேசியே ஆகணும்னா எங்கயாச்சும் எழுதி வெச்சுக்குங்க" என்றாள். காப்பர் ஒயர் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் கொடுக்கும் டைரிகள் கடையில் சும்மா கிடக்கின்றன. ஆகவே எழுதுகிறேன். சொந்த வீட்டில் எனக்குப் பேச்சுரிமை இல்லை என்பதற்கு இது சாட்சியாகவும் இருக்கட்டும்.

பின்னால் யாராவது படித்தால் குழம்பக் கூடாது. நான் சென்னியப்பன். தாராபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பூங்கொடி என் மனைவி. ஒரே மகள் பிரதீபா. கடைக்குப் பின்னால் இருக்கும் மகளிர் கல்லூரியில் பி.காம். கடைசி வருடம். சின்ன வயதிலிருந்து கிரிக்கெட் ஆடியவள். மாவட்ட அணி வரை போனாள். இந்தக் கல்லூரியில் கிரிக்கெட் அணி கிடையாது, பேஸ்பால் அணிதான் இருக்கிறது. மட்டையும் பந்தும் இருக்கிறதே, அது போதும் என்று சேர்த்துவிட்டேன்.

அங்கேதான் ஜெசிந்தா மேடம் வந்து வாய்த்தார். தூத்துக்குடிக்காரர். உடற்கல்வி இயக்குநர், பேஸ்பால் கோச், எல்லாம் அவரே. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆட்டம் தெரியாதவர் என்று மட்டும் சொல்வேன். இதை ஒரு தகப்பனாகச் சொல்லவில்லை. கிரிக்கெட் பார்த்தே தலை நரைத்த ஒரு பொதுமனிதனாகச் சொல்கிறேன்.

ஜூலை 5, சனி

முதலாம் ஆண்டுப் பெண்களுக்கு இன்று செலக்‌ஷன். பெற்றோர் ஆசிரியர் கழகத் துணைத்தலைவர் என்ற முறையில் மைதானத்துக்குப் போயிருந்தேன். வேறு வேலையும் இல்லை. கரண்ட் கட்.

மேடம் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது! கிரிக்கெட் ஆடிய பெண்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி திருப்பூர் மாவட்டத்துக்கு ஓபனிங் இறங்கியவள். ஐந்து பேரையும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். கபடி ஆடியவர்கள், ஓட்டப் பந்தயத்தில் ஓடியவர்கள், இவர்களைப் பெயர் கேட்டு நிறுத்திக்கொண்டார். மட்டையை உலக்கை மாதிரி பிடிக்கும் கூட்டம்.

"ஏனுங்க மேடம், ஆடத் தெரிஞ்சவங்கள அனுப்பீட்டு ஆடத் தெரியாதவங்கள எடுக்கறீங்களே, இது என்ன கணக்குங்க?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, கிரிக்கெட் ஆடுன பிள்ளையத் திருத்துததுக்கே எனக்கு ஒரு வருசம் ஆவுது. ஒண்ணுமே தெரியாத பிள்ளைக்கு மூணு மாசம் போதும்" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "போன வருசம் செமிஃபைனல் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

அதை இழுப்பார் என்று தெரியும். பேஸ்பாலில் பந்தை அடித்தால் மட்டையை அங்கேயே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு ஓட வேண்டும். மைதானத்தில் சதுரமாக நான்கு பேஸ், அடிப்பவள் நிற்கும் பேஸுக்குப் பெயர் வீடு. சுற்றி வந்தால் ஒரு ரன். போன வருடம் பிரதீபா நன்றாகத்தான் அடித்தாள். ஆனால் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி, கிரிக்கெட்டில் கோட்டுக்குள் நீட்டுவது போல முதல் பேஸுக்கு முன்னால் மட்டையை நீட்டினாள். அங்கே பந்து வருவதற்குள் காலை வைத்தால்தான் கணக்கு. அவுட். மைதானமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "நீட்டு கண்ணு, நீட்டு!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

பழக்க தோஷம். அதற்காக ஒரு விளையாட்டையே ஒதுக்குவதா?

ஜூலை 6, ஞாயிறு

பிரதீபா காலையிலேயே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தாள். நேற்று நிரப்பிய பெட்ரோல் தீர்ந்திருக்கிறது. உள்ளூர்த் தோழி வீட்டுக்கு எந்த வழியாகப் போனாளோ.

ஜூலை 14, திங்கள்

புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். பெயர் காளீஸ்வரி. மூலனூர்ப் பக்கம் ஏதோ ஊர். கோ-கோ ஆடியவளாம். செலக்‌ஷனுக்கே வராதவள். மேடம் நேராகப் போய் வீட்டில் பேசிக் கூட்டிவந்தாராம். ஓட்டத்தைப் பார்த்தேன். ஓடுகிறாள்தான். ஆனால் வீசிய பந்தைப் பார்த்து ஒதுங்கிக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

சாயங்காலம் பேக்கரியில் குப்புராஜிடம் சொன்னேன். குப்புராஜ் என் பள்ளித் தோழன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகப் பேசுவதுதான் இப்போது அவனுக்கு உத்தியோகம்.

"பங்காளி, அந்தம்மா சொல்றது சரிதான். பஸ்ஸு கெளம்பறப்ப ஓடி ஏறத் தெரிஞ்சவன் எங்க வேணாலும் ஏறிக்குவான். நீ சொல்றவன் டைம் டேபிள் பாத்துட்டு நிப்பான்" என்றான்.

"பந்தப் பாத்தாக் கண்ண மூடறாடா அவ."

"கண்ணத் தொறக்கச் சொல்லிக் குடுத்தாப் போச்சு. கால எப்படிச் சொல்லிக் குடுப்ப?"

இரண்டு டீயும் ஒரு தேங்காய் பன்னும் என் கணக்கில் சாப்பிட்டுவிட்டு மேடத்துக்கு வக்காலத்து வாங்குகிறான்.

ஜூலை 26, சனி

இன்று நடந்ததை எழுதும்போது பேனா பேப்பரைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

பல்லடம் கல்லூரியோடு பயிற்சி ஆட்டம். காளீஸ்வரி எப்படியோ முதல் பேஸில் போய் நிற்கிறாள். அடுத்து பிரதீபா. பந்து வீசுகிற பெண் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. நல்ல உயரத்தில் பந்து வருகிறது, தூக்கி அடித்தால் வேலியைத் தாண்டும். என் மகள் என்ன செய்தாள்? மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தைத் தன் காலடியிலேயே சாகடித்தாள். எதிரணிப் பெண் ஓடிவந்து எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தாள். பிரதீபா அவுட். அதற்குள் காளீஸ்வரி இரண்டாவது பேஸுக்குப் போய்விட்டாள். நம் அணிப் பெண்கள் எல்லாம் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள்!

இதற்குப் பெயர் பண்ட். தானே அவுட் ஆகி, முன்னால் நிற்பவளை ஒரு பேஸ் நகர்த்துவது. இந்த வருடம் பிரதீபாவுக்கு அதுதான் வேலையாம். அடுத்த முறையும் அதுவேதான். மூன்றாவது முறையும்.

ஆட்டம் முடிந்ததும் கேட்டில் மேடத்தைப் பிடித்தேன். "ஏனுங்க, என்ற புள்ளைய அவுட் ஆகறதுக்குன்னே வெச்சிருக்கீங்களா? பத்து வருசம் பேட் புடிச்சவளுங்க."

"அதுனாலதான் அண்ணாச்சி அவள வச்சிருக்கேன். பந்து வேகமா வரும்போது கையத் தளத்தி அத அப்படியே காலுக்குக் கீழ இறக்குததுக்கு இந்தக் காலேஜ்ல வேற ஆள் இல்ல. பிள்ளைய நான் என்ன கிணத்துலயா தள்ளுதேன்?"

தடுத்து ஆட அந்தக் கையை நான் பழக்கியது விக்கெட்டைக் காப்பாற்றத்தான். விக்கெட்டைக் கொடுப்பதற்கு இல்லை.

வீட்டுக்கு வந்து பிரதீபாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. சட்டம் அமலில் இருக்கிறது. அவள் வெகு சந்தோஷமாக இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். துக்கத்தை மறைக்கிறாள் என்று நினைக்கிறேன். கல்லூரி முடிவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் தனக்காக அடித்து ஓடி முதல் பேஸில் நிற்பதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

ஹாஸ்டலில் இருக்கும் காளீஸ்வரியைப் பிரதீபா சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தாள். தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் மூன்றையும் அந்தப் பெண் சலிக்காமல் சாப்பிட்டாள். சாப்பிடுகிற பிள்ளையைப் பார்த்தால் கோபப்பட முடியவில்லை.

"ஏன் கண்ணு, நீ செலக்‌ஷனுக்கே வரலயே, மேடத்துக்கு உன்னை எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

காளீஸ்வரி பிரதீபாவைப் பார்த்தாள். பிரதீபா தண்ணீர் குடித்தாள். பூங்கொடி, "இன்னும் கொஞ்சம் தயிர் சாதம் போட்டுக்க சாமி" என்று கரண்டியை நீட்டினாள். ஆடிப்பெருக்கன்று பேச்சு எங்கேயோ போய்விடுகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அஞ்சு எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்று எரிந்து வந்தது. கொண்டுவந்தவர் மூலனூர்ப் பக்கத்து விவசாயி. பில்லில் பெயர் கேட்டபோதுதான் தெரிந்தது, காளீஸ்வரியின் அப்பா. பொன்னுச்சாமி என்று பெயர். மரியாதையான ஆள். உள்ளே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.

"புள்ளைய வெளியூரு அனுப்ப மாட்டேன்னுதானுங்க இருந்தேன். அந்தக் கோச்சு மேடம் வந்து பேசுனாங்க, நான் முடியாதுன்னுட்டேன். ஆனாக் கூட ஒரு புள்ள வந்திருந்துச்சு பாருங்க, கண்ணாடி போட்டுட்டு. நேரா அடுப்படிக்குப் போயி எங்க வீட்டுக்காரிகூட உக்காந்து முருங்கைக் கீர ஆஞ்சுது. 'அத்தை, அவ எங்கூடவே இருப்பா, என்ற தங்கச்சியாட்டப் பாத்துக்கறேன்'னு என்னென்னமோ சொல்லி மனசக் கரைச்சிடுச்சுங்க. பேரு கூட என்னமோ... பிரபாவோ, பிரதீபாவோ."

ஊரில் எத்தனையோ பெண்கள் கண்ணாடி போடுகிறார்கள். பிரதீபா என்பதும் அதிசயமான பெயர் இல்லை.

ஒரு அணியில் தன் இடத்தைப் பிடிக்கப் போகிறவளைத் தானே தேடிப் போய்க் கூட்டிவர எந்தப் பெண்ணுக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. காயிலைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 23, சனி

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். பேஸ்பால் அணிக்குக் கோச்சை மாற்ற வேண்டும் என்று கேட்பதற்கு எழுந்தேன். தயாராகத்தான் போயிருந்தேன். ஆள் எடுக்கும் முறை தவறு, ஆடவைக்கும் முறை அதைவிடத் தவறு, திறமைசாலிகளைப் பலி கொடுக்கிறார்கள் என்று நிறுத்தி நிதானமாகப் பேசினேன். பாதியில் ஒரு அம்மா, "உங்க பொண்ணு டீம்ல இருக்குதுங்களா?" என்று கேட்டார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். எல்லோரும் ஏனோ சிரித்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் கோவையில் போட்டி வருகிறது, அதில் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பிரின்சிபல் முடித்துவிட்டார். ஆக, மேடத்தின் வேலையும் பிரதீபாவின் ஆட்டமும் ஒரே போட்டியில் தொங்குகின்றன.

வெளியே வந்தால் மேடம் என் டிவிஎஸ் பக்கத்தில் நிற்கிறார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். "எங்க அண்ணாச்சி, அந்த பேக்கரி? எனக்கும் ஒரு டீ சொல்லுங்க. நின்னுகிட்டு வாதாட எனக்குக் காலு வலிக்கி" என்றார்.

குப்புராஜ் ஏற்கெனவே அங்கே இருந்தான். மேடத்தைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டான். மேடம் மேஜைமேல் நான்கு மூலையிலும் வர்க்கி வைத்தார். அவைதான் பேஸ். டீ கிளாஸ்கள் எதிரணி. உப்பு பிஸ்கட் ஒன்று காளீஸ்வரி.

"பாருங்க அண்ணாச்சி. நமக்கு எதிரா வீசுத பிள்ளைய எல்லாம் நல்ல வேகம். அடிச்சு அடிச்சுப் பாத்தாச்சு, பத்துல ரெண்டு தடவ பட்டாப் பெருசு. ஒரு இன்னிங்ஸுக்கு மூணு அவுட் குடுத்திருக்காங்கல்லா? அந்த மூணையும் அவங்க எடுத்தா நமக்கு ஒண்ணும் மிச்சமில்ல. அதுல ஒண்ண எங்க செலவு பண்ணணும்னு நாமளே முடிவு பண்ணுதோம். அந்த ஒண்ணுக்கு ஈடா இவ இங்க வாரா." உப்பு பிஸ்கட் ஒரு வர்க்கி தள்ளி நகர்ந்தது. "ஓடுத பிள்ளையா எடுத்தது இதுக்குத்தான். அடுத்த ஆளு லேசாத் தொட்டாலும் இவ வீட்டுக்கு வந்திருவா."

பிஸ்கட் வீடு வந்து சேர்ந்தது. குப்புராஜ் என் முகத்தைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தான். அதற்காகவே யோசித்தேன்.

"சரிங்க. இவ வந்தா பண்ட்டுதான்னு எதிராளிக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு வைங்க. அத்தன பேரும் முன்னால வந்து நின்னுக்குவாங்க." டீ கிளாஸ்களை நெருக்கி வைத்தேன். "பந்து கீழ விழுந்ததும் எடுத்து உங்க பிஸ்கட்டையே அவுட் பண்ணுவாங்க. அப்ப என்ன பண்ணுவீங்க? அவள அடிக்கவே விடாம வெச்சிருந்தா அன்னிக்கு அடிப்பாளா?"

மேடம் டீ கிளாஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காளீஸ்வரியை எடுத்துக் கடித்துச் சாப்பிட்டுவிட்டு, "யோசிக்கணும்" என்றார்.

இந்த வருடத்தில் என் முதல் வெற்றி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சட்டம் போட்டவளே இன்று சட்டத்தை மீறினாள்.

தோசை ஊற்றிக்கொண்டே பூங்கொடி சொன்னாள்: "நேத்து மீட்டிங்குல என்னமோ பேசுனீங்களாமா. அந்த மேடம் மேல ஒரு தப்பும் இல்லீங்க. அது பிரதீபா கேட்டு வாங்குன எடம். அந்தக் காளீஸ்வரியத் தேடிக் கூட்டியாந்ததும் இவதான். ஸ்கூல்ல இருக்கறப்ப எங்கயோ கோ-கோ ஆடறதப் பாத்திருக்கறா. 'அவ ஓடுனா, நான் பண்ட் பண்றேன் மேடம், நாம ஜெயிச்சிரலாம்'னு இவளே போயிச் சொல்லியிருக்கறா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"சூன் மாசத்துல இருந்து."

"எனக்கு எதுக்குச் சொல்லல?"

பூங்கொடி தோசையைத் திருப்பிப் போட்டாள். "அவ ஏழு வயசுல இருந்து நீங்க சொன்னதத்தான் ஆடிட்டிருந்தா. நல்லாத்தான் சொன்னீங்க, இல்லைங்கல. இது ஒண்ணு அவளா நெனச்சு அவளா பண்றா. உங்ககிட்டச் சொன்னா நீங்க நல்லது சொல்லியே அதையும் வாங்கிக்குவீங்கன்னு பயந்துட்டா."

எனக்குக் கஷ்டமாக இருந்தது. எழுதுவதில் என்ன வெட்கம், ரொம்பவே கஷ்டமாக இருந்தது. தோசை இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். பூங்கொடி மூன்றாவதையும் வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேலிக்கு வெளியே நின்று பயிற்சியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

பண்ட் சுலபம் என்று நினைத்திருந்தேன். பந்து முகத்துக்கு நேராக வருகிறது. மட்டையை இறுக்கிப் பிடித்தால் பந்து எகிறிக் கேட்ச் ஆகிவிடும். தளர்த்திப் பிடித்தால் விரல் போய்விடும். பிரதீபா பந்தைக் கோட்டை ஒட்டி உருட்டுகிறாள், எதிராளி ஓடிவர நேரம் எடுக்கிற இடமாகப் பார்த்து. ஒவ்வொன்றுக்கும் காளீஸ்வரி அடுத்த பேஸிலிருந்து, "அக்கா, சூப்பருக்கா!" என்று கத்துகிறாள். அந்தப் பெண் இப்போது கண்ணை மூடுவதில்லை. கண்ணைத் திறக்கச் சொல்லிக்கொடுத்ததும் என் மகள்தானாம்.

சைக்கிளில் போன யாரோ ஒருவர் நின்று, "என்னுங்க இது, அடிக்கத் தெரியாத புள்ளையாட்டத் தட்டுது?" என்று கேட்டார். அரை மணி நேரம் அவரை விடவில்லை. பாவம், ரேஷன் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

செப்டம்பர் 18, வியாழன்

பூங்கொடி இன்று கேட்டாள்: "ஏனுங்க, பண்ட்டுன்னா என்னங்க, எனக்கும் சொல்லுங்க." வர்க்கி வாங்கிவந்து விளக்கினேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

கடைக்கு லீவு விட்டுக் கோவைக்கு வந்திருக்கிறோம். நான், பூங்கொடி, குப்புராஜ். பொன்னுச்சாமியும் மூலனூரிலிருந்து நேராக வந்துவிட்டார். காலையில் கால் இறுதி, சாயங்காலம் அரை இறுதி. இரண்டிலும் ஜெயித்துவிட்டோம்!

பிரதீபா நான்கு முறை பண்ட் செய்தாள். நான்கு முறையும் அவுட். நான்கு முறையும் நான் எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறு கல்லூரிக்காரர் ஒருவர், "அந்தப் பொண்ணு மேல என்னங்க கோபம் உங்களுக்கு? அவுட் ஆனாக் கை தட்டறீங்க?" என்று கேட்டார்.

"என்ற பொண்ணுங்க அது" என்றேன். "நமக்கு மூணு அவுட் குடுத்திருக்காங்க பாருங்க. அதுல ஒண்ண எங்க செலவு பண்ணணும்னு நாமளே முடிவு பண்றோம்."

குப்புராஜ் வாய் பிளந்து என்னைப் பார்த்தான்.

ஸ்கோர் போர்டில் இரண்டு ஆட்டத்திலும் அவள் பெயருக்கு நேராகப் பூஜ்யம். அதை மட்டும் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். என்ன இருந்தாலும் தகப்பன்.

செப்டம்பர் 27, சனி

இறுதி ஆட்டம். முறையாக எழுதுகிறேன்.

காலையில் டிபன் சாப்பிடும் இடத்தில் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் தூக்கமே இல்லை.

"அண்ணாச்சி, நீங்க அன்னைக்கு பேக்கரியில கேட்டீங்கல்லா, எல்லாரும் முன்னால வந்து நின்னா என்ன பண்ணுவீங்கன்னு. ஒரு மாசமா அது மண்டைக்குள்ள ஓடுது. நேத்து நம்ம ரெண்டு ஆட்டத்தையும் எதிர் டீம்காரங்க உக்காந்து பாத்துருக்காங்க. பிரதீபா வந்தா பண்ட்டுதான்னு தெரிஞ்சு போச்சு. நீங்க சொன்னதுதான் சரி. இன்னைக்கு அவள அடிக்க விடப்போறேன்."

ஜூலையில் இதைக் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இன்று இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஐயோ மேடம், வேண்டாமுங்க! அடிச்சா பத்துல ரெண்டுதான்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அவ இந்த வருசம் பூரா பண்ட்தான் பழகியிருக்கறா. அவ பண்ட் மாதிரி ஒருத்தி பண்ணுவாளா? அத மாத்தாதீங்க."

"முன்னால வந்து நிப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொல்லுவனுங்க, ஆயிரஞ் சொல்லுவேன். அதையெல்லாம் நீங்க எதுக்குக் கேட்டுக்கறீங்க?"

இட்லி ஆறுகிற வரைக்கும் வாதாடினோம். ஜூலையில் அவர் பேசியதை எல்லாம் நான் பேசினேன். நான் பேசியதை எல்லாம் அவர் பேசினார். குப்புராஜ் நடுவில் நின்று யாருக்கு எதிராகப் பேசுவது என்று தெரியாமல் தவித்தான்.

ஆட்டம் கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் சமமாகவே போனது. கடைசியாக ஆடுவது நம் அணி. ஒரு அவுட் ஆகிவிட்டது. காளீஸ்வரி மூன்றாவது பேஸில் நிற்கிறாள். அவள் வீடு வந்தால் கோப்பை நமக்கு. பிரதீபா உள்ளே வருகிறாள்.

அவள் வந்ததுமே எதிரணிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள். பேக்கரியில் நான் டீ கிளாஸ்களை வைத்த மாதிரியே வந்து நின்றார்கள். நான் சொன்னது நடந்துவிட்டதே என்று சந்தோஷப்பட முடியவில்லை. மேடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தொப்பியைத் தொட்டுத் தொட்டு, அடி, அடி என்று சைகை காட்டுகிறார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தட்டு கண்ணு, தட்டு!" என்று கத்துகிறேன். மேடத்துக்கு என் சத்தம் பொறுக்கவில்லை. சைகையை விட்டுவிட்டு அவரும் வாய்விட்டு, "அடி பிள்ள!" என்று கத்தினார். நான் இன்னும் கத்தினேன். பூங்கொடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பிரதீபா ஒரு கையைத் தூக்கினாள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அவள் மேடத்தைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாயை மூடினோம். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு நின்றாள்.

பந்து வந்தது. மட்டையைக் குறுக்கே பிடித்தாள். பண்ட். எதிரணிப் பெண்கள் தலைதெறிக்க ஓடிவந்தார்கள். பந்து கிட்டே வந்த நேரத்தில் மட்டையை லேசாக நிமிர்த்தி, ஓடிவந்தவர்களின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி வைத்தாள். அடிக்கவும் இல்லை, தட்டவும் இல்லை. அவர்கள் விட்டு வந்த இடத்தில் பந்து போய் விழுந்து உருண்டது. எடுக்க அங்கே ஒருவரும் இல்லை. காளீஸ்வரி வீடு வந்து சேர்ந்து, மண்ணில் விழுந்து புரண்டு, எழுந்து, பொன்னுச்சாமியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தாள். பிரதீபா மட்டும் இன்னும் முதல் பேஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். போய்க் காலை ஊன்றி நின்றாள்.

அழுதேன் என்று பூங்கொடி எல்லோரிடமும் சொல்கிறாள். அழுதேன்தான். குப்புராஜும்தான் அழுதான், அதைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

நானும் மேடமும் ஒரே நேரத்தில் அவளிடம் போய்ச் சேர்ந்தோம். "அடின்னு நான் சொன்னேம்லா பிள்ள?" என்றார் மேடம். "தட்டுன்னு நான் கத்துனது கேட்டுச்சா கண்ணு?" என்றேன் நான்.

பிரதீபாவுக்கு மூச்சு வாங்கியது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டு பேரும் கத்துன கத்துல ஒண்ணுமே வெளங்கலீங்கப்பா. சரி, நாமளே பாத்துக்கலாம்னு ஆடுனேன்."

அணிப் பெண்கள் எல்லாம் நடுவில் குதித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பை கொடுக்க மேஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். "வா சாமி, கூப்பிடறாங்க" என்றேன். அவள் பேஸை விட்டு இறங்கவில்லை.

"இருங்கப்பா. இந்த வருசம் இங்க நின்னதே இல்ல. கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன்."

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. மேடத்துக்கும் இருந்திருக்கும். நாங்கள் இருவரும் கோட்டுக்கு வெளியே, வாயைத் திறக்காமல், அவள் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.